தொம்மலூர்ப் பள்ளம்

உலகின் பெருநகரங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ எழுந்தவை. பெங்களூரு அந்த வழக்கத்துக்கு விலக்கு. இரண்டு ஆற்றுப் படுகைகளைப் பிரித்து நிற்கும் ஒரு மேட்டின் முதுகில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அந்நகரம் அமர்ந்திருக்கிறது. மேட்டின் மேற்குப் பக்கம் விழும் மழைநீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியோடு கலந்து, காவிரிக்குப் போய்ச் சேர்கிறது. கிழக்குப் பக்கம் விழும் மழைநீரோ ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகிய இரண்டின் வழியாகவும் வடிந்து தட்சிண பினாகினியை அடைகிறது. கர்நாடகத்தில் அந்தப் பெயரோடு ஓடும் ஆறு, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் தென்பெண்ணை ஆகிவிடுகிறது. இவ்வாறு ஒரே மழையை இரு திசைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மேட்டை நீர்பிரிமேடு என்பர். அதன் கிழக்குச் சரிவில், சல்லகட்டா வாய்க்காலை நோக்கித் தாழும் நிலத்தில் இருக்கிறது தொம்மலூர். ஆகவே அவ்வூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலின் கூரையில் விழும் மழைத்துளி, இடையில் யாரும் மறிக்காவிட்டால், பெல்லந்தூர், வர்த்தூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று படிப்படியாக இறங்கிக் கடலூர் அருகே வங்கக் கடலைத் தொடவேண்டும்.

இடையில் மறிப்பவர்கள் பலர், அவர்கள் மறிக்கும் முறைகளும் பல. நிலத்தின் உருவத்தை மாற்றும் இயற்கைச் செயல்களை நிலவியலாளர்கள் பொதுவாக நான்காகப் பகுப்பர்: பாறை இருந்த இடத்திலேயே நொறுங்கி மண்ணாவது சிதைவு, அந்த மண்ணை நீரோ காற்றோ பெயர்ப்பது அரிப்பு, பெயர்த்ததைச் சுமந்து செல்வது கடத்தல், சுமந்ததை ஓரிடத்தில் இறக்கி வைப்பது படிவு. கல்லை உடைத்து, மண்ணைத் தோண்டி, லாரியில் ஏற்றி, பள்ளத்தில் கொட்டும் மனிதரும் செய்வது இந்த நான்கையே. மேட்டைக் குறைத்துப் பள்ளத்தைத் தூர்ப்பது இருவருக்கும் பொதுவான வேலை. வேகத்தில் உள்ள வேறுபாடு எவருக்கும் தெரிந்தது. அதைவிட முக்கியமான இன்னொரு வேறுபாடு உண்டு. நீர் தான் அரித்து உருவாக்கிய நிலத்தில் தனக்கென்று ஒரு வழியை எப்போதும் மிச்சம் வைக்கிறது. மனிதர் தூர்க்கும்போது அந்த வழியையும் சேர்த்தே தூர்த்துவிடுவது உண்டு. தொம்மலூரின் கதை பெரும்பாலும் இந்த இரண்டாவது வேறுபாட்டைப் பற்றியது.

தொம்மலூரின் அடியில் இருப்பது நைஸ் என்னும் பாறை. பொதுவழக்கில் கருங்கல் என்று சொல்லப்படும் கிரானைட்டில் உள்ள தாதுக்களே இதிலும் உள்ளன என்றாலும், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து நெளிந்ததால் வெளுப்பும் கறுப்புமான பட்டைகள் இதன் உடலெங்கும் வளைந்து ஓடுகின்றன. மைசூர் சமஸ்தானத்தின் நிலவியல் துறையில் பணியாற்றிய டபிள்யூ. எஃப். ஸ்மீத், தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாக விரிந்து கிடக்கும் இதற்குத் தீபகற்ப நைஸ் என்று பெயரிட்டார். அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். உலகில் இன்று கண்ணுக்குத் தென்படும் மிகப் பழைய பாறைகளின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. தொம்மலூரில் இதைப் பார்ப்பது கடினம், ஏனெனில் மண்ணும் கட்டடங்களும் மூடிக்கிடக்கின்றன; சில கிலோமீட்டர் தென்மேற்கே, லால்பாக் பூங்காவில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கும் பாறைக்குன்றில் அதே நைஸ் வெயிலில் திறந்து கிடக்கிறது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் ஏறி இறங்கும் அந்தக் குன்றுக்கு முன்னால், நகரத்தில் பழமை என்று காட்டப்படும் மற்றவை யாவும் நேற்றையவை.

இத்தகைய பாறை மண்ணாவது எவ்வாறு என்பதை அறிய மழையிலிருந்து தொடங்கவேண்டும். மழைத்துளி விழும் வழியில் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் வாயுவையும் சேர்த்துக்கொண்டு சற்றுக் கடுமையாகிறது. நைஸில் மிகுதியாக உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெளிர்நிறத் தாது இந்த அமிலத்துக்கு ஈடுகொடுக்காமல் நெகிழ்ந்து வெண்களிமண்ணாகிறது. கறுப்புப் பட்டைகளில் இருக்கும் அபிரகத்திலிருந்து இரும்பு வெளியேறித் துருப்பிடிக்கிறது. பெங்களூருச் செம்மண்ணின் சிவப்பு என்பது உண்மையில் இந்தத் துருதான். குவார்ட்ஸ் என்னும் படிகம் மட்டும் எதற்கும் அசையாமல் மணலாக எஞ்சுகிறது.

இந்த மாற்றம் மேலிருந்து கீழாக நடப்பதால், கட்டடத்துக்காகத் தோண்டிய பள்ளம் ஒன்றின் சுவரில் அதன் படிநிலைகளை வரிசையாகக் காணலாம். மேலே செம்மண், அதன் கீழே சரளை கலந்த முரம்பு, அதற்கும் கீழே மஞ்சளும் பழுப்புமாக ஒரு படலம். அந்தப் படலம்தான் வியப்புக்குரியது. பார்வைக்கு அது பாறையேதான். நைஸின் வளைந்த பட்டைகள் ஒன்றுகூடக் குலையாமல் அதில் தெரியும். ஆனால் ஒரு துண்டைப் பெயர்த்து விரல்களுக்கிடையே நசுக்கினால் பொரிமாவைப்போல் உதிர்ந்துவிடும். உருவம் மாறாமல் உறுதி மட்டும் போய்விட்ட இந்த நிலையைச் சிதைபாறை என்று சொல்லலாம். விரிசல்களின் வழியே நீர் இறங்கும் இடங்களில் சிதைவு ஆழமாகவும், விரிசல் இல்லாத இடங்களில் மேலோட்டமாகவும் நடப்பதால், மெத்தென்ற சிதைபாறைக்கு நடுவே வீட்டளவு உருண்டைக் கற்கள் முழு உறுதியோடு எஞ்சி நிற்பதும் உண்டு. பெங்களூரு மெட்ரோவின் சுரங்கம் தோண்டும் எந்திரங்கள் வழியில் திணறியதற்கு ஒரு காரணம் இதுவே: எந்திரத்தின் முகத்தில் ஒரு பாதி களிமண்ணையும் மறுபாதி கருங்கல்லையும் ஒரே நேரத்தில் வெட்டவேண்டிய நிலை வந்தால், எந்த வேகத்தில் சுழல்வது என்பதே சிக்கலாகிவிடுகிறது.

சிதைந்த மண் எல்லாம் உடனே அடித்துச் செல்லப்படுவதில்லை. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கரிலிருந்து பிரிந்த இந்தியத் தீபகற்பம் மேற்கு விளிம்பில் உயர்ந்தும் கிழக்கு நோக்கிச் சாய்ந்தும் அமைந்ததால், பீடபூமியின் பேராறுகள் பலவும் கிழக்கே ஓடுகின்றன. பெங்களூரு மேட்டின் கிழக்குச் சரிவு குறிப்பாக மிக மென்மையானது. மேற்கே நிலம் கரடுமுரடாக உடைந்து விருஷபாவதிப் பள்ளத்தாக்கில் இறங்க, கிழக்கே அது அகலமான, ஆழமற்ற பள்ளங்களாக அலையலையாகத் தாழ்கிறது. சரிவு மென்மையாக இருந்தால் அரிப்பும் மெதுவாகவே நடக்கும். இத்தகைய தொன்மையான பீடபூமிகளின் மேற்பரப்பு பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மீட்டர் முதல் பத்து மீட்டர் வரையே தேய்கிறது என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பத்து மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், நூறு ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர். ஒருவர் பிறந்து, வாழ்ந்து, பேரன் பேத்திகளைக் கண்டு மறையும் காலத்தில் ஊர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்காது.

தொம்மலூரில், பழைய விமான நிலையச் சாலையின் இருபுறமும் எழும் அலுவலகக் கட்டடங்களுக்கு, வண்டி நிறுத்துவதற்காக நிலத்தடியில் இரண்டு மூன்று தளங்கள் தோண்டுவது இன்று வழக்கம். மூன்று தளத்துக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் ஆழம் வேண்டும். மழையும் ஓடையும் பத்து லட்சம் ஆண்டுகளில் செய்யும் வேலையை, அந்த மனையின் எல்லைக்குள், நான்கு ஜேசிபிகளும் சில டிப்பர் லாரிகளும் ஒரு கோடைக்காலத்தில் முடித்துவிடுகின்றன. இது ஓர் ஊருக்கு மட்டும் உரிய கணக்கன்று. மனிதர் இப்போது ஆண்டுதோறும் இடம் மாற்றும் மண்ணும் பாறையும், ஆறு, காற்று, பனியாறு ஆகிய இயற்கைச் செயல்கள் அனைத்தும் சேர்ந்து நகர்த்துவதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்று அமெரிக்க நிலவியலாளர் புரூஸ் வில்கின்சன் 2005இல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டார். அவருடைய கணக்கில் வீட்டுக்கும் சாலைக்கும் தோண்டுவது ஒரு பகுதிதான்; பெரும்பங்கு உழவால் பெயரும் மண்.

ஆனால் தொம்மலூரில் மனிதர் நிலத்தைத் திருத்தத் தொடங்கியது ஜேசிபி வந்த பிறகன்று. சொக்கநாதசுவாமி கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள், பி. லூயிஸ் ரைஸ் 1905இல் பதிப்பித்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதியின் 9ஆம் பாகத்தில் அச்சேறியுள்ளன. அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. இரண்டாவது பெயரில் ஒலிக்கும் தேசி என்ற சொல் தொலைதூர வணிகர் கூட்டங்களை நினைவூட்டுவது. திரிபுராந்தகச் செட்டியாரும் அவர் மனைவி பார்வதியும் கோயிலுக்கு அளித்த கொடையில் விண்ணமங்கலம் ஏரி பேசப்படுகிறது. இன்னொரு கல்வெட்டு, போசள மன்னன் வீர ராமநாதன் தொம்மலூர் வருவாயிலிருந்து பத்துப் பொன் அளித்ததைச் சொல்கிறது. ஆறில்லாத மேட்டில் ஏரி இருந்தால்தான் நன்செய் உண்டு, நன்செய் இருந்தால்தான் கோயிலுக்கு எழுதிவைக்க வருவாய் உண்டு என்பதால், அந்நாளைய கொடைக் கல்வெட்டுகளில் ஏரி வருவது தற்செயலன்று.

தொம்மலூருக்குக் கிழக்கே, இன்றைய எச்ஏஎல் வளாகத்தை ஒட்டிய விபூதிபுராவில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கல்வெட்டு இன்னும் வெளிப்படையானது. காட்டை வெட்டியதும், நிலத்தைச் சமன் செய்ததும், ஊர் ஒன்றை நிறுவி மக்களைக் குடியேற்றியதும், மணலை அகற்றி ஏரி அமைத்ததும் அதில் வரிசையாகக் கூறப்படுகின்றன. நிலத்தை மனிதர் மாற்றுவதன் அட்டவணை என்றே அதைச் சொல்லலாம். ஒரு நவீன லேஅவுட்டுக்கான ஒப்பந்தப் புள்ளியிலும் இதே வேலைகள்தாம், ஏறத்தாழ இதே வரிசையில் இருக்கும், கடைசி ஒன்றைத் தவிர.

அந்தக் கடைசி வேலை எப்படிச் செய்யப்பட்டது என்பதில்தான் பழைய மண்வேலைக்காரர்களின் நுட்பம் தெரிகிறது. அகலமான, ஆழமற்ற பள்ளத்தின் குறுக்கே, அது சற்று ஒடுங்கும் இடமாகப் பார்த்து ஒரு கரை எழுப்புவார்கள். கரைக்கு வேண்டிய மண்ணை மேற்புறத்திலிருந்தே வெட்டுவதால், கரை உயரும்போதே ஏரியும் ஆழமாகும். நீர் கசியாதிருக்கக் கரையின் நடுவில் களிமண்ணை இட்டு மிதித்து இறுக்குவார்கள். வயலுக்கு நீர் விட மதகு; ஏரி நிரம்பினால் மிகுநீர் வழிய, கரையின் ஓர் ஓரத்தில் இயற்கைத் தரையோடு ஒட்டிக் கலிங்கு, கன்னடத்தில் கோடி. கோடியில் வழிந்த நீர் வாய்க்காலாக இறங்கி அடுத்த ஏரியை நிரப்பும். அதன் கோடி அதற்கடுத்த ஏரியை. பெரிய வாய்க்காலை ராஜகாலுவே என்பது பெங்களூரு வழக்கு. பள்ளத்தாக்கின் சரிவை அழிக்காமல், அதைப் படிக்கட்டுகளாக்கி, ஒவ்வொரு படியிலும் நீரைச் சிறிது நேரம் உட்காரவைத்து அனுப்பிய அமைப்பு இது. சல்லகட்டா ஏரி, தொம்மலூர் ஏரி, கோடிஹள்ளி ஏரி எல்லாம் அந்தப் படிக்கட்டின் படிகள். எல்லாவற்றுக்கும் அடிப்படியாக, ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்பில் பெல்லந்தூர் ஏரி.

இந்த வேலைகளில் பெரும்பங்கு, தமிழில் ஒட்டர் என்றும் போயர் என்றும் கன்னடத்தில் வட்டர் என்றும் அழைக்கப்படும் சமூகத்தினருடையது. அவர்களுள் மண்வேலை செய்தவர்கள் மண் ஒட்டர், கல்வேலை செய்தவர்கள் கல் ஒட்டர். பெங்களூருவில் இன்றும் கிணறு வெட்டவும் தூரெடுக்கவும் மண்ணு வட்டர்களைத் தேடிப் போகிறார்கள். பெங்களூருப் பக்கத்துக் கல் உடைக்கும் முறை ஒன்றோ அயல்நாட்டு அறிவியல் இதழ்வரை போனது: 1895இல் நேச்சர் இதழில் வார்த் என்பவர் அதைப் பற்றி எழுதினார். வெடிமருந்து இல்லை, எந்திரம் இல்லை. திறந்து கிடக்கும் பாறையின் மேல் விறகை ஒரு கோடாக அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூடேறிய மேல்தோல் விரிய முயல, அடியிலுள்ள குளிர்ந்த பாறை விரியாமல் நிற்க, இரண்டுக்கும் இடையே மேற்பரப்புக்கு இணையாக ஒரு விரிசல் ஓடும். கல்லுடைப்பவர் சுத்தியலால் தீக்கு முன்னே தட்டிக்கொண்டே வருவார். திண்ணென்று ஒலித்தால் பாறை இன்னும் பெயரவில்லை, பொள்ளென்று ஒலித்தால் பெயர்ந்துவிட்டது. அந்த ஒலி மாறும்போது தீயை மெல்ல முன்னோக்கி நகர்த்துவார்கள். இப்படித் தீ நடந்து போன வழியெல்லாம் சீரான கனத்தில் ஒரு கற்பாளம் பிரிந்து கிடக்கும். அதைத்தான் உளியும் ஆப்பும் வைத்துப் பிளந்து, பெங்களூருவின் பழைய வீடுகளுக்குக் கூரையாகவும் வேலிக்குக் கல்லாகவும் தெருவோரச் சப்படிக் கல்லாகவும் அனுப்பினார்கள். வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி வந்து இயற்கையே பாறையின் தோலை உரிப்பது உண்டு. அதற்கு ஆகும் நீண்ட காலத்தை இவர்கள் ஒரு பகலுக்குள் சுருக்கிக்கொண்டார்கள்.

1809இல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு வந்து கண்டோன்மென்ட்டை அமைத்ததும், படையோடும் படைக்குத் தேவையான வேலைகளோடும் தமிழர் பெருமளவில் அலசூர், தொம்மலூர்ப் பக்கங்களில் குடியேறியதும் தெரிந்த வரலாறு. நிலத்தின் உருவத்தைப் பொறுத்தவரை அந்தக் காலம் பெரிய மாற்றமெதையும் செய்யவில்லை. 1940இல், இன்றைய எச்ஏஎல்லின் முன்னோடியான இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தொடங்கப்பட்டு, விமானங்களுக்காக ஓடுபாதை அமைந்தபோதுதான் அலையலையான அந்த நிலத்தில் முதன்முறையாக ஒரு நீண்ட நேர்கோடு கிழிக்கப்பட்டது. இன்று மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான அந்தப் பாதைக்கு மேடும் பள்ளமும் ஆகா. அதன் பிறகு வந்த லேஅவுட்டுகளுக்கும் சமதரையே வேண்டியிருந்தது. காவிரி நீர் 1974இல் குழாய் வழியே நகரத்துக்கு வந்தபின், ஏரி என்பது குடிநீருக்கும் வேண்டாத, வயல் இல்லாததால் பாசனத்துக்கும் வேண்டாத, அரசுக்குச் சொந்தமான, விலைகொடுக்காமல் கிடைக்கக்கூடிய காலி இடமாகத் தோன்றத் தொடங்கியது. தொம்மலூர் ஏரி பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் லேஅவுட்டானது. சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. நகரத்தின் நடுவே தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாகவும் சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகவும் ஆயின. எஞ்சிய ஏரிகளைக் காக்கவேண்டும் என்று என். லட்சுமண ராவ் தலைமையில் 1985இல் அமைக்கப்பட்ட குழு பரிந்துரைத்தபோது, தொலைந்தவற்றின் பட்டியல் ஏற்கெனவே நீளமாகிவிட்டிருந்தது.

ஏரியைத் தூர்ப்பதில் ஒரு தொழில்நுட்ப எளிமை இருப்பதையும் சொல்லவேண்டும். மேட்டில் தோண்டிய மண்ணையும் இடித்த வீட்டின் செங்கல், காரைக் கழிவையும் எங்காவது கொட்டியாக வேண்டும். தொலைவில் கொட்டினால் டீசல் செலவு. அருகில் ஒரு பள்ளம் இருக்கிறது. கொட்டுபவருக்கு இடம் கிடைக்கிறது, பள்ளத்துக்கு உரியவருக்கு மனை கிடைக்கிறது. இயற்கையில் படிவு என்பது நீரின் வேகம் குறையும் இடத்தில் நடக்கும். நகரத்தில் அது லாரியின் வாடகை குறையும் இடத்தில் நடக்கிறது. பெங்களூருவின் சில சாலைகள் இன்றும் பழைய ஏரிக்கரைகளின் மேல்தான் போகின்றன. மெஜஸ்டிக் அருகே டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர் அதை ஒளிக்காமல் சொல்கிறது.

தரை சமமானதும் பள்ளத்தாக்கு மறைந்துவிட்டதாகத் தோன்றும். கண்ணுக்கு மறைந்ததே தவிர, கிலோமீட்டர் கணக்கில் விரிந்த சரிவு ஓரிரு மீட்டர் நிரப்பு மண்ணால் மாறுவதில்லை. மாறுவது அந்தச் சரிவில் நீர் இறங்கும் வேகம். செம்மண் தரையில் விழும் மழையின் பெரும்பகுதி மண்ணின் துளைகளுக்குள் இறங்கிவிடும், நன்றாக நனைந்த பிறகே மிச்சம் வழிந்தோடும். கான்கிரீட்டும் தாரும் அந்தத் துளைகளை அடைத்துவிடுவதால், விழுந்ததெல்லாம் விழுந்த வேகத்தில் வாய்க்காலுக்கு வருகிறது. முன்பு பல மணி நேரம் பரவி வந்த வெள்ளம் இப்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குவிகிறது. ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெறும் பெங்களூருவில், 2022 செப்டம்பர் 5ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மட்டும் 131.6 மில்லிமீட்டர் பெய்தது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் அந்த அளவு மழை என்றால் 13 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர். நகரத்தில் ஓடும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் ஏறத்தாழ 11,000 லாரி. தொம்மலூருக்குக் கீழ்ப்பக்கம், பெல்லந்தூர் ஏரியை ஒட்டிய யமலூரிலும் வெளிவட்டச் சாலையிலும் அந்தத் தண்ணீர் வந்து நின்றது. கணினி நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன படங்கள் நாடெங்கும் வெளியாயின. செய்திகளில் அது எதிர்பாராத வெள்ளம் என்று வர்ணிக்கப்பட்டது. சரிவின் வரைபடத்தை ஒருமுறை பார்த்த எவருக்கும் அது எதிர்பாராததாக இருந்திருக்க முடியாது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பெங்களூருவின் மழைநீர் வாய்க்கால்களைப் பற்றி ஓர் அறிக்கை அளித்திருந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வரைபடங்களின்படி கோரமங்களாப் பள்ளத்தாக்கில் சுமார் 113 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடிய வாய்க்கால்கள், 2016–17இல் சுமார் 63 கிலோமீட்டராகக் குறைந்திருந்தன என்று அது கூறியது. ஏரியை இழப்பது சேமிப்பை இழப்பது. வாய்க்காலை இழப்பது வழியை இழப்பது. இரண்டும் சேர்ந்து நடந்தால், நீர் தனக்குப் பழகிய தாழ்ந்த தரையில் புதிதாக வழி தேடுகிறது, அந்தத் தாழ்ந்த தரையில் இப்போது சாலையும் நிலத்தடி வண்டி நிறுத்தமும் இருக்கின்றன.

மண்ணை நகர்த்துவதைவிட ஆழமான ஒரு மாற்றம், கண்ணில் படாமலே நடந்திருக்கிறது. நகரத்துக்குத் தேவையான காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. நீர்பிரிமேட்டின் மேற்கே உள்ள படுகையிலிருந்து வந்த அந்த நீர், தொம்மலூரில் ஒரு சமையலறையின் குழாயில் விழுந்து, பாத்திரம் கழுவி, சாக்கடையில் இறங்கும்போது கிழக்குச் சரிவில் இருக்கிறது. ஆகவே அது காவிரிக்குத் திரும்புவதில்லை, தென்பெண்ணைக்குப் போகிறது. இரண்டு ஆற்றுப் படுகைகளைப் பிரிக்கும் எல்லையை இயற்கை மாற்றவேண்டுமானால், ஓர் ஆறு பின்னோக்கி அரித்து இன்னோர் ஆற்றின் தலையைக் கவர்ந்துகொள்ளவேண்டும். ஆற்றுக்கவர்வு எனப்படும் அந்நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் பிடிக்கும். இங்கே சில மோட்டார்களும் இரும்புக் குழாய்களும் அதைச் செய்துவிட்டன.

கவரப்பட்ட அந்தத் தண்ணீரோடு சோப்பும் மலமும் சேர்ந்து வருவதுதான் சிக்கல். சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பெல்லந்தூர் ஏரியில் தேங்க, அதிலுள்ள பாஸ்பேட்டால் ஆகாயத்தாமரை செழிக்க, செழித்தது மடிந்து அழுக, ஏரியின் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் போகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சோப்பின் நுரைக்கும் பொருள் சிதையாமல் சேற்றோடு ஒட்டிக் கிடந்து, பெருமழை வந்து சேற்றைக் கலக்கும்போது மறுபடி எழுந்து, கோடியில் விழும் நீரில் காற்றோடு அடிபட்டு நுரையாகப் பொங்குகிறது என்று இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் விளக்கினர். 2015 முதல் அந்த நுரை சாலைவரை பறந்ததும், 2017, 2018 ஆண்டுகளில் ஏரியில் தீப்பற்றியதும் உலகச் செய்தியாயின. நுரை அங்கேயே நிற்கவில்லை. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலும் அது பலமுறை மிதந்திருக்கிறது. மறுபுறம், 2018 முதல் இதே பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றி அனுப்பும் திட்டம் நடக்கிறது. காவிரியில் பிறந்து, பெங்களூரில் பயன்பட்டு, கோலார் ஏரியில் தேங்கி, அங்குள்ள கிணறுகளில் ஊறும் நீரின் பாதையை எந்த நிலவியல் வரைபடத்திலும் காணமுடியாது, ஏனெனில் அது எந்தச் சரிவையும் பின்பற்றவில்லை.

ஏரிப் படுகையின் மேல் எழுந்த மனை ஒன்றில் புதிதாகக் கட்டடம் கட்ட நினைப்பவர்கள் முதலில் மண்பரிசோதனை செய்கிறார்கள். மூன்று கால்களை விரித்து நிற்கும் ஒரு முக்காலி, அதன் உச்சியிலிருந்து தொங்கும் கயிறு, கயிற்றில் 63.5 கிலோ எடையுள்ள ஒரு சம்மட்டி. அதை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழவிட்டு, ஒரு குழாயை மண்ணுக்குள் 30 சென்டிமீட்டர் இறக்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்று எண்ணுவதே சோதனை. முதல் சில அடி ஆழத்தில் எண்ணிக்கை தாறுமாறாக வரும். குழாயைத் திறந்தால் செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, பாலிதீன் பை, ஒரு ரப்பர் செருப்பின் வார். அதற்குக் கீழே திடீரென்று எண்ணிக்கை விழுந்துவிடும். நாலைந்து அடியிலேயே குழாய் நழுவி இறங்கும். வெளியே வருவது கருஞ்சாம்பல் நிறத்தில், சேற்று நாற்றம் அடிக்கும் வழுவழுப்பான வண்டல். பல நூறு ஆண்டுகள் ஒவ்வொரு மழைக்காலமும் மேட்டிலிருந்து ஒரு படலம் ஒரு படலமாகக் கொண்டுவந்து ஏரியில் இறக்கியது அது. இன்னும் கீழே போனால் நிறம் மஞ்சளாகி, நைஸின் பட்டைகள் தெரியத் தொடங்கி, எண்ணிக்கை இருபது, நாற்பது என்று ஏறி, ஒரு கட்டத்தில் சம்மட்டி எத்தனை முறை விழுந்தாலும் குழாய் நகர மறுக்கும். அதைப் பாறை என்று குறித்துக்கொண்டு துளையிடுபவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

செருப்பின் வாருக்கும் வண்டலுக்கும் இடையே உள்ள எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். வண்டலுக்கும் சிதைபாறைக்கும் இடையே உள்ள எல்லை எங்கே என்று சொல்வது அவ்வளவு எளிதன்று. துளையை அப்படியே மூடாமல் ஒரு நாள் விட்டுவைத்து, மறுநாள் வந்து அளவுநாடாவை இறக்கி நிலத்தடி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்வது இந்தச் சோதனையின் வழக்கம். மேட்டு மனைகளில் நாடா நெடுந்தூரம் இறங்கும், சில வேளைகளில் நனையாமலே திரும்பும். பழைய ஏரிப் படுகையில் அது பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே நனைந்துவிடும்.